நீரிழிவு வியாதியும் புன்செய்த் தானியங்களின் நார்ச்சத்தும்

நீரிழிவு பட்டணவாசிகளின் வியாதி என்றும், மேட்டாங்காட்டில் உழைத்துப் பிழைக்கும் குடியானவனை அது அணுகாது என்றும் ஓர் எண்ணம் கிராமங்களில் நெடுங்காலமாக நிலவி வந்தது. அவ்வெண்ணம் இக்காலத்திற்குப் பொருந்தாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து தேசமெங்கும் நடத்திய பரிசோதனையின் முடிவுகள் 2023-ஆம் வருஷத்தில் வெளியாயின. அவற்றின்படி, 2021-இல் இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லக்ஷம் பேர் இவ்வியாதி உள்ளவர்கள். மேலும் 13 கோடியே 60 லக்ஷம் பேர் அதன் வாசற்படியில் நிற்பவர்கள். வயது வந்தவர்களில், பட்டணங்களில் நூற்றுக்குச் சுமார் 16 பேரும் கிராமங்களில் நூற்றுக்குச் சுமார் 9 பேரும் இதனால் பீடிக்கப்பட்டிருந்தனர். கிராமம் இனி விலக்கான இடமன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இவ்விஷயம் வைத்தியர்களுக்கு மட்டும் உரியதாயின் விவசாயப் பத்திரிகையில் இதற்கு இடம் வேண்டியதில்லை. ஆனால் நீரிழிவைக் கட்டுக்குள் வைப்பதற்கு ஆகாரத்திலுள்ள நார்ச்சத்து மிகுந்த அனுகூலமானது. அந்நார்ச்சத்து உண்டாகும் இடம் நிலம். அது அழியும் இடமோ ஆலையும் சல்லடையும். எனவே நிலமுள்ளவர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் இதனைத் தெரிந்து கொள்வது அவசியமாகிறது.

பாப்பாரப்பட்டியின் நிலைமை

தருமபுரி ஜில்லா, பென்னாகரம் தாலுக்காவைச் சேர்ந்த பாப்பாரப்பட்டி, தேசபக்தர் சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23-ந் தேதி காலமான ஊர் என்பதை யாவரும் அறிவர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேளாண் அறிவியல் நிலையம், தருமபுரி ஜில்லாவின் குடியானவர்களுக்காக இவ்வூரில் நடைபெற்று வருகிறது. சுற்றிலும் செம்மண் மேட்டு நிலங்கள். மானாவாரியில் கேழ்வரகு, சாமை, துவரை, அவரை, கொள்ளு ஆகியவை தொன்றுதொட்டு விளைந்து வரும் பூமி இது. முன்னாளில் இப்பக்கத்து வீடுகளில் அரிசிச் சோறு பண்டிகைக்கும் விருந்துக்கும் உரியது. நித்திய ஆகாரம் களியும் சாமைச் சோறுமே.

இந்நிலை மாறிவிட்டது. பாசன வசதி பெருகியது. ரேஷன் அரிசி மலிந்தது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையின்றியே கொடுக்கப்பட்டு வந்தது. ஏழைகளின் பசியைத் தீர்த்த காரியம் அது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் அதன் பக்க விளைவாக, களி உண்ட வீடுகளில் மூன்று வேளையும் தீட்டிய வெள்ளையரிசி புகுந்தது. உழவு யந்திரமும் மோட்டார் சைக்கிளும் வந்தபின் சரீர உழைப்பும் குறைந்தது. இன்றோ, பட்டணத்து நீரிழிவுக்காரர் சாமையையும் கேழ்வரகையும் அதிக விலை கொடுத்துத் தேடி வாங்குகிறார். அவற்றை விளைவிப்பவர் மூட்டையை விற்றுவிட்டு வெள்ளையரிசி உண்டு, மாத்திரைக்கு ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கிறார். இதைவிட விசனிக்கத்தக்க வியாபாரம் வேறு இருக்க முடியாது.

நார்ச்சத்து என்பது யாது?

தானியம், பருப்பு, காய், கீரை, பழம் ஆகியவற்றில், மனிதனுடைய சிறுகுடலில் ஜீரணமாகாமல் நிற்கும் பாகமே நார்ச்சத்து எனப்படும். அது இருவகைப்படும். தண்ணீரில் ஊறிக் கரைந்து கூழ் போலாவது ஒரு வகை. வெந்தயத்தை ஊற வைத்தால் உண்டாகும் வழவழப்பு இதற்கு உதாரணம். கரையாமல் தவிடு போல் நிற்பது மற்றொரு வகை.

சோற்றிலும் மாவிலும் உள்ள மாப்பொருள் குடலில் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் சேர்கிறது. நல்ல தேகமுடையவரிடத்தில் இன்ஸுலின் என்னும் நீர் சுரந்து அச்சர்க்கரையைத் தசைகளுக்குள் செலுத்திவிடும். நீரிழிவுக்காரரிடத்தில் அந்நீர் போதாமலோ, போதிய பலன் தராமலோ இருப்பதால், சர்க்கரை இரத்தத்திலேயே தங்கி, நாளடைவில் கண், சிறுநீரகம், இருதயம், பாதங்கள் முதலியவற்றைக் கெடுக்கிறது. கரையும் நார் குடலில் கூழாக நின்று, ஆகாரம் இரைப்பையை விட்டு இறங்குவதையும் சர்க்கரை இரத்தத்தில் ஏறுவதையும் தாமதப்படுத்துகிறது. கரையாத நார் மாப்பொருளைச் சுற்றி வேலி போல் நின்று அதன் ஜீரணத்தை மெதுவாக்குகிறது. வயிறு நிறைந்த உணர்ச்சியையும் தருகிறது. ஏரி மதகை முழுதும் திறந்துவிட்டால் வாய்க்கால் உடையும்; அளவாகத் திறந்தால் வயல் பாயும். நார்ச்சத்து செய்வது மதகை அளவாகத் திறக்கும் காரியமே.

தவிட்டைப் பற்றிய இரண்டு பாடங்கள்

தவிட்டை நீக்கி உண்பதால் வரும் தீங்கு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. ஜாவாத் தீவில் 1890-களில் ஐக்மன் என்னும் டச்சு வைத்தியர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் விழுந்து வருந்தியதையும், தவிடு சேர்ந்த அரிசி கொடுத்தபின் தேறியதையும் கண்டார். பெரிபெரி என்னும் வியாதியின் மர்மம் இதனால் வெளியாயிற்று. இவ்வியாதியை ஆராய்வதற்காக மக்காரிஸன் என்பவர் 1918-இல் நீலகிரியிலுள்ள குன்னூரில் ஒரு சிறு ஆராய்ச்சிப் பகுதியை ஆரம்பித்தார். அதுவே வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, தேசிய ஊட்டச்சத்து நிலையம் என்று இன்று விளங்குகிறது. தவிட்டில் ஜீவசத்து உண்டு என்பது முதற் பாடம்.

இரண்டாம் பாடம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. உகாண்டா தேசத்தில் பல்லாண்டுகள் வைத்தியம் செய்த டிரவல் என்னும் ஆங்கிலேயர், தீட்டாத தானியமும் கிழங்கும் உண்ட அந்நாட்டு ஜனங்களிடையே நீரிழிவு அரிதாயிருந்ததைக் கவனித்து, ஆகாரத்தில் நார் குறைவதும் அவ்வியாதிக்கு ஒரு காரணமாகலாம் என்று 1975-இல் எழுதினார். அடுத்த வருஷம் ஜென்கின்ஸ் என்பவரும் அவருடன் சேர்ந்தவர்களும், கொத்தவரை விதையின் பசை மாவையும் பழங்களில் உள்ள பெக்டினையும் நீரிழிவுக்காரருக்கு ஆகாரத்தோடு கொடுத்து, உணவுக்குப் பின் சர்க்கரை ஏறுவது குறைகிறதென்று காட்டினர். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் நடந்த ஒரு பரிசோதனை 2000-இல் வெளியாயிற்று. நீரிழிவுள்ள 13 பேருக்கு, ஆறு வாரம் தினம் 24 கிராம் நாருள்ள ஆகாரமும், வேறு ஆறு வாரம் 50 கிராம் நாருள்ள ஆகாரமும் கொடுக்கப்பட்டன. நார் மிகுந்த காலத்தில் அவர்களுடைய இரத்தச் சர்க்கரை நூற்றுக்குச் சுமார் 10 பங்கு குறைந்திருந்தது. கொடுத்தவை மருந்துப் பொடிகளல்ல. சாதாரண ஆகாரப் பொருள்களே.

சிறுதானியங்களைப் பற்றி, ஹைதராபாத்துக்கு அருகில் பதான்சேருவிலுள்ள சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையம் முன்னின்று, பல நாடுகளில் நடந்த பரிசோதனைகளைத் தொகுத்து 2021-இல் வெளியிட்டது. சிறுதானியங்களைத் தொடர்ந்து உண்ட நீரிழிவுக்காரருக்கு, வெறும் வயிற்றில் உள்ள சர்க்கரை சராசரி 12 சதவீதமும், உணவுக்குப் பின் உள்ள சர்க்கரை 15 சதவீதமும் குறைந்தன என்பது அதன் முடிவு. தானியத்துக்குத் தானியமும், சமைக்கும் விதத்துக்குத் தக்கவாறும் இப்பலன் மாறும் என்பதை மறக்கலாகாது.

எதில் எவ்வளவு?

தேசிய ஊட்டச்சத்து நிலையம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் பொருளில் அடங்கிய நார்ச்சத்து பின்வருமாறு:

தீட்டிய பச்சரிசி: 2.8 கிராம்
மைதா மாவு: 2.8 கிராம்
சாமை: 7.7 கிராம்
கொள்ளு: 7.9 கிராம்
துவரம் பருப்பு: 9.1 கிராம்
கேழ்வரகு: 11.2 கிராம்
முழுக் கோதுமை மாவு: 11.4 கிராம்
வெந்தயம்: சுமார் 48 கிராம்

வயது வந்தவர் ஒவ்வொருவரும் இயற்கை ஆகாரத்திலிருந்து தினம் 25 கிராமுக்குக் குறையாத நார்ச்சத்துப் பெற வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023-இல் கூறியது. இதைக் கொண்டு ஒரு வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் தினம் 400 கிராம் தீட்டிய அரிசி உண்பாராயின், அதில் கிடைக்கும் நார் 11 கிராம். அதே 400 கிராமில் 200 கேழ்வரகாகவும், 100 சாமையாகவும், 100 அரிசியாகவும் மாற்றினால், நார் ஏறக்குறைய 33 கிராமாகிறது. அரிசியால் 313 கிராமாக இருந்த மாப்பொருள் 277 கிராமாகக் குறைகிறது. எடை கூடவில்லை, வயிறும் காயவில்லை, நாரோ மூன்று மடங்காயிற்று. மேற்கொண்டு பருப்பும் கீரையும் சேர்ப்பது லாபமே.

ஆனால் கேழ்வரகிலும் 100-க்கு 67 கிராம் மாப்பொருள் உண்டு. களி நல்லதென்று கேள்விப்பட்டு இரண்டு உருண்டைக்கு நான்கு உருண்டை உண்பவர் மதகை அளவாக வைத்துவிட்டு ஏரியைப் பெருக்குபவரேயாவர்.

இரு தானியங்கள், இரு ஆபத்துகள்

சாமைக்கு ஆபத்து ஆலையில் நேருகிறது. சாமை மணியின்மேல் முதலில் உமி. அது உண்ணத்தகாதது, நீக்கியே ஆகவேண்டும். உமியின் அடியில் தவிட்டுப் படலம். நாரும் எண்ணெய்ச் சத்தும் ஜீவசத்தும் பெரும்பாலும் அதில் அடங்கியவை. முன்னாளில் பெண்கள் திருகையில் திரித்தும், உரலில் குத்தியும், முறத்தில் புடைத்தும் எடுத்த சாமையரிசி சற்றுப் பழுப்பாக இருக்கும், அப்பழுப்பே தவிடு. இக்காலத்து யந்திரங்களில் இரண்டு மூன்று முறை போட்டுத் தீட்டி வெள்ளை நிறம் வரச் செய்கின்றனர். நெல்லரிசியைக் கொண்டு மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார் 2017-இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்றில், கைக்குத்தல் போன்ற தவிட்டரிசியைச் சிறிதளவு தீட்டினாலே அதை உண்டபின் சர்க்கரை ஏறும் வேகம் அதிகரித்ததாகக் கண்டனர். சிறிதளவு தீட்டுவதற்கே இப்பலன் என்றால், வெள்ளை வெளேரென்று தீட்டிய சாமையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மேலும், ஒவ்வொரு முறை தீட்டும்போதும் மூட்டையின் எடை குறைகிறது. குடியானவர் தம் விளைவின் சத்தையும் எடையையும் ஒருங்கே தவிட்டுக் குவியலில் விட்டுவிட்டு, கூலியும் கொடுத்து வருகிறார்.

கேழ்வரகுக்கு ஆபத்து சல்லடையில் நேருகிறது. கேழ்வரகின் மேல்தோல் மணியோடு இறுக ஒட்டியிருப்பதால், அதைத் தனியே நீக்குதல் எளிதன்று. ஆகவே தோலோடு அரைத்து உண்பதே வழக்கம். இது பெரிய நன்மை. ஆனால் மாவை மிக நைஸாக அரைத்து, மெல்லிய சல்லடையிலோ துணியிலோ சலித்து, மேலே நிற்பதை மாட்டுக்குப் போட்டுவிட்டால், நாரும் சுண்ணாம்புச் சத்தும் மாட்டின் வயிற்றுக்குப் போய்விடும். நைஸ் மாவு விரைவில் ஜீரணமாகிச் சர்க்கரையை விரைவில் ஏற்றும். சற்றுக் கொரகொரப்பான, சலிக்காத மாவே நீரிழிவுக்காரருக்கு ஏற்றது.

இவற்றின் பொருட்டுக் கைக்கொள்ளத்தக்கவை:

1. சாமையை உமி நீங்கும் அளவுக்கு ஒரே முறை போடும்படி ஆலைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பழுப்பு நிறத்தைக் குறையென்று எண்ணலாகாது.
2. தவிட்டிலுள்ள எண்ணெயினால், தீட்டாத சாமையரிசி சில வாரங்களில் சிக்கு வாசனை கொள்ளும். ஆகையால் தானியத்தை உமியோடு உலர்ந்த குதிரிலோ சாக்கிலோ சேமித்து வைத்து, பதினைந்து நாளைக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது அரைத்துக் கொள்ள வேண்டும்.
3. கேழ்வரகைக் கல் மண் நீக்கிக் கழுவி உலர்த்தி, மாவைச் சலிக்காமல் உபயோகிக்க வேண்டும்.

அடுப்பங்கரையில்

இப்பக்கத்துக் களியில் முதலில் அரிசி நொய்யை வேகவிட்டு, பின்பு கேழ்வரகு மாவைக் கொட்டி, துடுப்பால் கிளறுவது வழக்கம். அரிசி நொய்க்குப் பதில் சாமை நொய்யைப் போட்டால் ருசி குறையாது, நார் கூடும். களியைக் கெட்டியாக உண்பது, அதே மாவைத் தண்ணீராகக் காய்ச்சிக் குடிப்பதைவிட மேல். கஞ்சி விரைவில் குடலில் இறங்கிவிடும். வெல்லமோ சர்க்கரையோ போட்ட கேழ்வரகுப் பானம் நீரிழிவுக்காரருக்கு ஆகாது. முளைகட்டி வறுத்து நைஸாக அரைத்த மாவும் விரைவில் ஜீரணமாவதே. அது குழந்தைகளுக்கு ஏற்றது.

களிக்குத் தொட்டுக்கொள்ளக் கொள்ளுக் கடையலும், அவரைக்கொட்டைக் குழம்பும், கீரை மசியலும் வைத்த முன்னோர் சாஸ்திரம் படித்தவரல்லர். ஆயினும் அவர்கள் அமைத்த சேர்க்கை சரியானதே. தானியத்தின் கரையாத நாரும், பருப்பு கீரைகளின் கரையும் நாரும் ஒரே கலத்தில் சேருகின்றன. களியை மட்டும் மீட்டு, கடையலை விட்டுவிட்டால் பாதிப் பயனே கிட்டும்.

சாகுபடியில் கவனிக்க வேண்டியவை

இச்சேர்க்கையை நிலத்திலேயே அமைத்துக் கொள்ளலாம். கேழ்வரகு 8 வரிசைக்குத் துவரை 2 வரிசை என்ற கணக்கில் ஊடுபயிர் செய்வது சிபாரிசு செய்யப்பட்ட முறை. மழை தவறிக் கேழ்வரகு தாழ்ந்தாலும் துவரை ஓரளவு கை கொடுக்கும். நிலத்துக்கும் தழைச்சத்து சேரும். நாற்று நடுவதாயின் ஏக்கருக்கு 2 கிலோ கேழ்வரகு விதை போதும். சாமையை வரிசையில் விதைக்க ஏக்கருக்கு 4 கிலோ, தூவுவதாயின் 5 கிலோ வேண்டும். திருவண்ணாமலை ஜில்லா அத்தியந்தலிலுள்ள சிறுதானிய மகத்துவ மையத்திலிருந்து 2019-இல் வெளியான ஏ.டி.எல். 1 என்னும் சாமை ரகம் 85 முதல் 90 நாளில் அறுவடைக்கு வரும். குறுகிய மழையை நம்பி விதைக்கும் மேட்டு நிலத்துக்கு இது ஏற்றது.

விலையைப் பற்றியும் கவலை முன்போலில்லை. மத்திய சர்க்கார் கேழ்வரகுக்கு நிர்ணயித்த ஆதரவு விலை 2022-23-இல் குவிண்டாலுக்கு ரூ. 3,578 ஆக இருந்து, 2024-25-இல் ரூ. 4,290 ஆக உயர்ந்தது. ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் ஏற்பாடு 2023-இல் தருமபுரி, நீலகிரி ஜில்லாக்களில் தொடங்கப்பட்டது. நிலமுள்ளவர் விளைவு முழுவதையும் விற்றுவிடாமல், வீட்டு ஆள் ஒன்றுக்கு வருஷத்துக்கு வேண்டியதைக் கணக்கிட்டு முதலில் ஒதுக்கி, மிச்சத்தை விற்பதே விவேகம்.

முக்கிய எச்சரிக்கை

நார்ச்சத்து மருந்தன்று, மருந்துக்குத் துணை. கேழ்வரகு உண்ணத் தொடங்கியபின் மாத்திரையை நிறுத்திவிட்டு, காலில் புண் புரையோடி விரலை இழந்தபின் ஆஸ்பத்திரிக்குச் செல்வது பெரும் பரிதாபம். இன்ஸுலின் ஊசியை நம்பி வாழ்பவர்கள், முக்கியமாகக் குழந்தைகள், எந்த ஆகாரத்தின் பெயராலும் அதை ஒரு நாளும் நிறுத்தலாகாது. ஊசியோ மாத்திரையோ உட்கொள்பவர் ஆகாரத்தைப் பெரிதும் மாற்றினால், சர்க்கரை அளவுக்கு மேல் தாழ்ந்து, வியர்வை, நடுக்கம், பசி, மயக்கம் உண்டாகலாம். அப்போது உடனே சர்க்கரையோ வெல்லமோ கொடுத்து, வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும். மயங்கி நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே ஆகாரத்தை மாற்ற வேண்டும்.

நாரைத் திடீரென்று மிகுதியாகச் சேர்த்தால் வயிற்றுப் பொருமல் உண்டாகும். முதல் வாரம் ஒரு வேளை, பிறகு இரு வேளை என்று படிப்படியாகக் கூட்டி, தண்ணீரும் தாராளமாகக் குடித்து வந்தால் தொந்தரவில்லை.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனத்திற்கு

நீரிழிவு வெகு நாள் குறி காட்டாமலே இருக்கும். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 100 மில்லி லிட்டருக்கு 126 மில்லி கிராமும் அதற்கு மேலும் இருந்தால் வியாதி எனக் கருதி வைத்தியரை அணுக வேண்டும். முப்பது வயதுக்கு மேற்பட்டவர் யாவரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக் கொள்ளுமாறு கிராமத் தலைவர்களும் உத்தியோகஸ்தர்களும் தூண்ட வேண்டும். 2021 ஆகஸ்டு 5-ந் தேதி அண்டை ஜில்லாவாகிய கிருஷ்ணகிரியில் ஆரம்பிக்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம், நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்களின் வீட்டுக்கே மருந்தைக் கொண்டு சேர்ப்பதற்காக ஏற்பட்டது. கிராமசபைக் கூட்டங்களில் இவ்விஷயத்தை எடுத்துச் சொல்லுதலும், ஊரிலுள்ள ஆலைக்காரரை அழைத்து, தீட்டாத சாமையைக் கேட்பவருக்கு அவ்விதமே போட்டுக் கொடுக்கச் செய்தலும் செலவில்லாத நற்காரியங்கள்.

பாப்பாரப்பட்டியைச் சுற்றியுள்ள செம்மண் மேட்டில், மழையை மட்டும் நம்பி விளையும் தானியம் எளியதென்று இகழப்பட்டது. அதில் அடங்கிய நார், அதே மண்ணில் உழைப்பவரின் கண்ணையும் காலையும் காக்க உதவும் பொருள்களில் ஒன்றாக இன்று அறியப்படுகிறது. அதை நிலம் தவறாமல் கொடுத்து வருகிறது. ஆலையும் சல்லடையும் கொண்டு போகாதபடி கலத்திற்குக் கொண்டுவந்து சேர்ப்பது குடியானவர் கையில் இருக்கிறது. வரும் அறுவடையில் களத்திலிருந்து முதல் மூட்டை சந்தைக்குப் போகாமல் வீட்டுக்குப் போகட்டும்.